லீ வோ கப்பலின் கேப்டன் வில்கின்சன்

பொன்விழா மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுச் சகோதரர்கள் கேட்டுக்கொண்டபோது, நாங்கள் சொன்ன பெயர் அவர்களுக்குப் பிடிபடவில்லை. தாமஸ் வில்கின்சன். நம் இனத்தவர் அல்லர், நம் மார்க்கத்தவர் அல்லர், இந்த ஊரில் பிறந்தவரும் அல்லர். ஆனால் பிரிட்டிஷ் கடற்படையின் சரித்திரத்தைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அந்தப் பெயரை உலகுக்குத் தெரியவைத்த சம்பவம், அவர் சிங்கப்பூரைவிட்டுக் கப்பல் எடுத்த மறுநாள் மாலையில் நடந்தது.

இவரை நாங்கள் தேர்ந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஒரு ரிசர்விஸ்ட். நம் சங்கத்து வீடுகளில் இந்தச் சொல் தெரியாத வீடு கிடையாது. இப்போது என்எஸ்மேன் என்று பெயரை மாற்றிவிட்டாலும், ஐசிடி கடிதம் வந்தால் வீட்டில் அம்மா கேட்பது ரிசர்விஸ்ட் எப்போது என்றுதான். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய சீருடை இடுப்பில் ஏறுமா என்று பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கொஞ்ச நாளில் திரும்பிவந்து மறுபடி கயிறும் வலையும் மிதவையும் விற்கிறோம். பிழைப்பு ஒன்று, அழைத்தால் போகவேண்டிய கடமை ஒன்று என்று இரண்டு சட்டையோடு வாழ்பவன்தான் ரிசர்விஸ்ட். அந்த இரண்டாவது சட்டை ஒருநாள் நிஜமாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் வில்கின்சனின் கதையைப் படிக்கும்வரை யோசித்துப் பார்த்ததில்லை.

அவர் 1898 ஆகஸ்ட் முதல் தேதி இங்கிலாந்தின் விட்னஸ் என்ற ஊரில் பிறந்தார். மெர்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய ரசாயனம் காய்ச்சும் ஆலைகள் நிறைந்த இடம். ஜூரோங்வாசிகளுக்கு அந்த ஊரின் வாடையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆற்றோடு கீழே போனால் லிவர்பூல். அந்த லிவர்பூல் கம்பெனியின் நீலப் புகைபோக்கிக் கப்பல்களில் ஏறித்தான் நம் பாட்டனார் காலத்து ஹாஜிகள் பலர் இங்கிருந்து ஜித்தாவுக்குப் போனார்கள் என்பதை இளைய தலைமுறையினருக்காகச் சொல்லிவைக்கிறோம்.

தகப்பனாருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு இருந்தது. நம் கடற்கரையில் தோணிக்குத் தண்டல் என்று ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த மாதிரி மனிதர். மகன் பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தப் படகில் ஏறினார். நாகூரிலும் கீழக்கரையிலும் எத்தனையோ வீடுகளில் நடந்த கதைதான் இது. படிப்பு ஏறாதவன் கடலுக்குப் போனான் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆற்றின் ஏற்ற இறக்கம், மணல்திட்டு மாறும் விதம், காற்று திரும்பும் நேரம் ஆகியவையும் படிப்புதான். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கப்பல் இயந்திரம் படித்த நாங்கள் அதை ஒப்புக்கொள்கிறோம். எங்கள் கடைக்கு வரும் பழைய படகுக்காரர்கள் ஒரு கயிற்றைக் கையால் தடவிப் பார்த்துச் சொல்வது, எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்ததில்லை.

முதல் உலகப் போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் மாலுமியானார். பிறகு படிப்படியாகத் தேர்வுகள் எழுதி அதிகாரியானார். கிழக்கே வந்து, ஜார்டின் மாத்திசன் நிர்வாகத்தில் இருந்த இந்தோ சைனா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியின் லீ வோ என்ற பயணிகள் கப்பலுக்குக் கேப்டனானார்.

இந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததன் கனம் அதில்தான் இருக்கிறது. லீ வோ 1938இல் ஹாங்காங்கில் கட்டப்பட்டது. சுமார் 700 டன். யாங்சி ஆற்றின் மேல்பகுதியில் ஓடுவதற்கென்றே செய்த கப்பல். இச்சாங்குக்கு மேலே ஆறு மலைகளுக்கு நடுவே இறங்கி வருகிறது. சில இடங்களில் பாறை, சில இடங்களில் சுழல். நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும் என்பதால் இயந்திரத்துக்கு உடம்பை மீறிய பலம் இருக்கும். பாறையில் தட்டக்கூடாது என்பதால் அடிப்பாகம் தட்டையாக, தண்ணீரில் அதிகம் அமிழாமல் இருக்கும். ஆற்றுக்கு அது அருமையான அமைப்பு. ஆனால் திறந்த கடலில் அப்படிப்பட்ட கப்பல் அலைக்கு அலை உருளும். பீரங்கி வைத்துக் குறிபார்த்துச் சுடுவதற்கு அதைவிட மோசமான மேடை கிடைக்காது.

ஐரோப்பாவில் போர் மூண்டதும் கடற்படைக்குக் கப்பல் போதவில்லை. ஆற்றுக் கப்பல், மீன்பிடிக் கப்பல் என்று கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கப்பலோடு சேர்த்து அதை ஓட்டத் தெரிந்த மனிதர்களையும் எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் லீ வோவுக்கு ஒரு நாலு அங்குலப் பீரங்கியும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் வந்துசேர்ந்தன. கேப்டன் வில்கின்சன், ராயல் நேவல் ரிசர்வின் லெப்டினன்ட் வில்கின்சன் ஆனார். அந்த ரிசர்வ் அதிகாரிகளின் சட்டைக் கையில் உள்ள பொன்நாடா, நிரந்தரக் கடற்படையினருடையதுபோல் நேர்கோடாக இருக்காது. இரண்டு சரடு பின்னிக்கொண்டு போகும். பார்த்தவுடனே தெரிந்துவிடும், இவன் சம்பளத்துக்குக் கப்பல் ஓட்டுகிறவன், அழைத்ததால் வந்தவன் என்று.

இந்த ரிசர்வில் மீனவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருந்தது. முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான மீனவர்கள் தங்கள் படகுகளோடு கண்ணிவெடி வாரப் போனார்கள். லோஸ்டாஃப்ட் ஊர் மீனவர் தாமஸ் கிரிஸ்ப் என்பவர் அவர்களில் ஒருவர். நெல்சன் என்ற பாய்மர மீன்பிடிப் படகில் ஒரு சின்னப் பீரங்கியை வைத்துக்கொண்டு, வலை போடுவதும் காவல் பார்ப்பதுமாக இருந்தார். 1917 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அவரைச் சுட்டது. படுகாயத்தோடு கிடந்தபடியே புறாவின் காலில் கட்டிச் செய்தி அனுப்பச் செய்துவிட்டு, படகோடு கடலில் போனார். அதே படகில் இருந்த மகன் உயிர் தப்பி, தகப்பனுக்குரிய விக்டோரியா கிராஸ் பதக்கத்தை மன்னர் கையிலிருந்து வாங்கினார். இதைப் படித்த அன்று ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலையில் மீன்கூடை இழுத்துக்கொண்டிருந்தவர்களை நாங்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிங்கப்பூருக்கு வருவோம். 1941 டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அதன்பிறகு இந்தக் கடலில் பிரிட்டிஷாருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை. பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைத் தாண்டினார்கள். கிராஞ்சி ஆற்றுக்கும் ஜூரோங் ஆற்றுக்கும் இடையே போட்டிருந்த தற்காப்புக் கோடு 10ஆம் தேதி கைவிட்டுப் போனது. இன்று நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு, கடைக்குப் போய், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஓடும் இந்த இடங்கள்தான் அந்தக் கோடு.

13ஆம் தேதி வெள்ளிக்கிழமை. நகரத்தின் மேல் எண்ணெய்க் கிடங்குப் புகை. மிதக்கக்கூடிய எல்லாவற்றிலும் ஆட்களை ஏற்றி ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. ஆஸ்திரேலியத் தாதியர் 65 பேரை ஏற்றிப்போன வைனர் புரூக், மறுநாள் பங்கா தீவருகே குண்டு விழுந்து மூழ்கியது. அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் லீ வோவும் புறப்பட்டது. போகவேண்டிய இடம் பத்தேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா.

கப்பலில் 84 பேர். அவர்களைக் கப்பலின் சிப்பந்திகள் என்று சொல்வதே பெரிய வார்த்தை. முன்பு மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பியவர்களே அதிகம். தரைப்படை, விமானப்படை ஆட்கள் சிலர். மலாய் மாலுமிகள் சிலர். கடற்படைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சிவிலியன். பலருக்கு ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்காது. பீரங்கிக்கு இருந்த குண்டுகள் பதின்மூன்று. அதுவும் பயிற்சிக்கு வைத்திருந்தவை.

புறப்பட்டதிலிருந்து நான்கு முறை விமானங்கள் தாக்கின. ஒரு தடவை வந்தவை 52 விமானங்கள். ஆற்று நீரோட்டத்தில் வளைத்து வளைத்துக் கப்பல் ஓட்டிய கைப்பழக்கம் அங்கே உதவியிருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். கப்பல் நிறைய அடிவாங்கியது, ஆனால் மூழ்கவில்லை.

14ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல். நம் கணக்கில் அசர் நேரம். பங்கா தீவுக்கு வடக்கே, அடிவானத்தில் இரண்டு கப்பல் கூட்டங்கள் தெரிந்தன. பெரிய கூட்டத்துக்குக் காவலாக ஒரு கனரகக் குரூசரும் நாசகாரிக் கப்பல்களும் வந்துகொண்டிருந்தன. சுமத்ராவின் பலெம்பாங் எண்ணெய்க் கிணறுகளைப் பிடிக்கப் போகும் ஜப்பானியப் படை.

இந்த இடத்தில் நாங்கள் வியாபாரி புத்தியோடு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கையில் பதின்மூன்று குண்டு. எதிரே ஒரு குரூசரின் பீரங்கிகள். இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. திரும்பி ஓடினால் தப்பலாம், தப்பாமலும் போகலாம். ஓடியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவருக்குக் கிடைத்த உத்தரவே பத்தேவியாவுக்குப் போ என்பதுதான். எந்தக் கணக்கில் போட்டாலும் நஷ்டம்தான் வருகிறது.

வில்கின்சன் ஆட்களைக் கூட்டினார். தப்பப் பார்ப்பதைவிட அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, முடிந்த சேதத்தைச் செய்துவிட்டுக் கடைசிவரை சண்டையிடுவதென்று தாம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். கப்பலில் இருந்த அத்தனை பேரும் அதற்கு உடன்பட்டார்கள் என்று பிற்பாடு வந்த அரசாங்க அறிக்கை சொல்கிறது. போர்க்கொடியை ஏற்றிக்கொண்டு லீ வோ நேராக எதிரியை நோக்கிப் போனது.

இந்த முடிவைப் பற்றி எங்கள் கடையில் ஒரு வாதமே நடந்தது. அடிக்கடி வரும் பெரியவர் ஒருவர், தொங்கான் ஓட்டியவரின் மகன், ஒத்துக்கொள்ளவே இல்லை. தன் உயிரைக் கொடுப்பது அவரவர் இஷ்டம், ஆனால் கப்பலில் ஏறியவனின் உயிர் கேப்டனிடம் இருக்கும் அமானிதம், 84 பேரைக் கரைசேர்ப்பதுதான் தண்டலின் வேலை, எதிரியைத் தேடிப் போவதல்ல என்றார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நாங்கள் சொன்னது இதுதான்: அவர் கேட்டார். ஏற்கெனவே ஒருமுறை கடலில் விழுந்து எழுந்தவர்கள் அவர்கள். எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் கிடப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களிடம் கேட்டார். பீரங்கிக்கு ஆள் வேண்டும் என்றபோது தாமாக முன்வந்தவர்கள்தான் போய் நின்றார்கள். பெரியவர் தலையை ஆட்டினார், ஆனால் சம்மதித்துத் தலையாட்டியது மாதிரித் தெரியவில்லை. கேப்டன் கேட்டால் முடியாது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் எங்கள் கடையில்தான் இருக்கிறது.

சண்டை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தது. இயந்திரத் துப்பாக்கிகள் எட்டிய தூரத்தில் இருந்த எல்லாக் கப்பல்களையும் சுட்டன. அந்தப் பதின்மூன்று குண்டுகளில் சில, ஒரு பெரிய துருப்புக் கப்பலில் விழுந்து தீப்பிடிக்க வைத்தன. உருளும் ஆற்றுக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, ஒன்றாகப் பயிற்சியே எடுத்திராதவர்கள் அதைச் செய்தார்கள். குண்டு தீர்ந்தது. லீ வோவும் பல இடங்களில் கிழிந்து மூழ்கத் தொடங்கியது. வில்கின்சன் மிச்சமிருந்த வேகத்தோடு கப்பலையே ஆயுதமாக்கி, எரிந்துகொண்டிருந்த துருப்புக் கப்பலில் கொண்டுபோய் மோதினார். மலை ஆற்றை எதிர்த்து ஏறுவதற்காகச் செய்த அந்த இயந்திரத்தின் கடைசி வேலை அது. துருப்புக் கப்பலின் ஆட்கள் அதைவிட்டு இறங்கிவிட்டார்கள். இரவு முழுக்க அது எரிந்துகொண்டிருந்தது.

பிறகு குரூசர் நெருங்கிவந்து சுட்டது. கப்பலைவிட்டு எல்லோரும் போகலாம் என்று வில்கின்சன் உத்தரவிட்டார். தாம் போகவில்லை. லீ வோவோடு அவரும் மூழ்கினார். வயது 43.

தண்ணீரில் தத்தளித்தவர்கள்மீதும் ஜப்பானியர் சுட்டார்கள் என்று தப்பிவந்தவர்கள் கூறினர். 84 பேரில் உயிரோடு மிஞ்சியவர்கள் பத்துப்பேர் அளவில்தான். அவர்களும் கைதிகளாகிப் போர் முடியும்வரை முகாமில் கிடந்தார்கள். மறுநாள் 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு அன்று, புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் சிங்கப்பூர் சரணடைந்தது. அந்த அமளியில் ஒரு சின்ன ஆற்றுக் கப்பல் என்ன ஆனது என்று கேட்க யாரும் இல்லை. மூன்றரை வருஷம் யாருக்கும் தெரியாது. வில்கின்சனுக்கு அடுத்த அதிகாரியாக இருந்து உயிர் தப்பிய லெப்டினன்ட் ஸ்டான்டனும் மற்றவர்களும் முகாமிலிருந்து வெளிவந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. 1946 டிசம்பர் 17ஆம் தேதி வில்கின்சனுக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. ஸ்டான்டனுக்கும் இன்னும் சிலருக்கும் வேறு பதக்கங்கள் கிடைத்தன.

அந்த அறிவிப்பில் ஒரு விஷயம் எங்களை நிறுத்திவைத்தது. விக்டோரியா கிராஸ் என்பது ஒரு மனிதருக்குக் கொடுக்கும் பதக்கம். ஆனால் இதை வில்கின்சனின் வீரத்துக்காக மட்டுமன்றி, அவரோடு சண்டையிட்டு மாண்ட அத்தனை பேரின் தியாகத்துக்காகவும் வழங்குவதாக எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் அதில் அந்த மலாய் மாலுமிகளுக்கும் பங்கு இருக்கிறது. சிங்கப்பூரில் 1934இல் தொடங்கிய கடற்படை ரிசர்விலிருந்துதான் இந்த நாட்டின் கடற்படைக் கதையே ஆரம்பிக்கிறது. புக்கிட் சண்டுவில் லெப்டினன்ட் அட்னான் சைடியும் மலாய்ப் படைப்பிரிவினரும் கடைசிவரை நின்றது நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பாடப்புத்தகத்தில் வருகிறது. அது நடந்தது இதே பிப்ரவரி 14ஆம் தேதிதான். ஒரே நாளில் குன்றிலும் கடலிலும். குன்றில் நடந்ததைப் போய்ப் பார்க்கலாம், அருங்காட்சியகம் இருக்கிறது. கடலில் நடந்ததற்கு அடையாளம் இருக்காது.

வில்கின்சனின் பதக்கம் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெயர் லிவர்பூல் துறைமுகக் கரையில் உள்ள கடற்படை நினைவுச் சின்னத்தில், அவர் பதினான்கு வயதில் படகு ஓட்டிய அதே மெர்சி ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது.

சென்ற பிப்ரவரியில் முழுமைத் தற்காப்பு நாளுக்கு முதல்நாள், மகனை அழைத்துக்கொண்டு புக்கிட் சண்டுவுக்குப் போனோம். ஜூரோங்கிலிருந்து அதிக தூரமில்லை. அட்னான் சைடியின் கதையைப் பார்த்து முடித்து வெளியே வந்தபோது அசர் நேரமாகியிருந்தது. அந்த இன்னொரு கப்பல் எந்தப் பக்கம் போனது என்று மகன் கேட்டான். தெற்கே கை காட்டினோம். மரங்களுக்கு நடுவே தெரிந்த கொஞ்சம் கடலில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நங்கூரம் போட்டு நின்றன. அவற்றில் எது பெரியது என்று எண்ண ஆரம்பித்தான்.